பனியைத் தாங்கும் காடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் பேசும்படி ஒரு புவியியல் ஆசிரியனை அழைத்தது உங்கள் பெருந்தன்மை. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுவது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, நம் மாதக் கூட்டமொன்றில் படிக்கப்பட்ட ஒரு கவிதை நினைவுக்கு வந்தது. அதில் பனி பஞ்சுக்கு ஒப்பிடப்பட்டிருந்தது. நல்ல கவிதைதான், கைதட்டியவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் வீடு திரும்பும் வழியில் என் மனம் அந்த உவமையோடு வாதிட்டுக்கொண்டே வந்தது. அந்த வாதத்தையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

நம் மொழியில் பனி என்ற ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. மார்கழி விடியலில் தெருவை மறைக்கும் மூட்டமும் பனி. இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதும் பனியே. ஆறு பருவங்களுள் முன்பனி, பின்பனி என இரண்டுக்குப் பனியின் பெயரை வைத்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பனி எதுவும் கூரையை அழுத்துவதில்லை, மரத்தை முறிப்பதில்லை. நம் நிலம் பனிக்கு எடை உண்டு என்பதை நமக்குக் கற்பிக்கவில்லை. அது நம் குறையன்று. நம் நிலத்தின் இயல்பு.

அந்த எடையை நாம் உணர நேர்ந்த நாளும் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனிப்பாறைப் பகுதியில் நிகழ்ந்த பனிச்சரிவில் மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டு உயிர்நீத்தார்கள். அந்த நாள்களில் பனிச்சரிவு என்ற சொல் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. சியாச்சினின் அந்த உயரத்தில் மரம் ஒன்றுகூடக் கிடையாது. மரம் வளரக்கூடிய உயரத்தில் மனிதர் வாழும் மலைநாடுகளில் நிலைமை வேறு. அங்கே பனிக்கும் ஊருக்கும் இடையில் ஒரு காடு நிற்கிறது. அத்தகைய காட்டைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையை எடுத்துக்கொள்கிறேன்; ஏனெனில் பனிக்கும் காட்டுக்கும் உள்ள உறவை மனிதர் மிக நீண்ட காலம் கவனித்து எழுதிவைத்த இடங்களுள் அது ஒன்று.

முதலில் எடையைப் பார்ப்போம். புதிதாய் விழுந்த உலர்ந்த பனி ஒரு கனமீட்டருக்குச் சுமார் நூறு கிலோ இருக்கலாம். அதற்குக் குறைவாகவும் இருக்கலாம். அது பஞ்சுதான், கவிஞர் சொன்னது அந்த மட்டில் பிழையன்று. ஆனால் நாள் ஆக ஆக அது தன் எடையாலேயே அமுங்கி இறுகுகிறது. கனமீட்டருக்கு முந்நூறு கிலோவை எட்டுகிறது. வசந்தத்தில் நீர் ஊறினால் இன்னும் கனக்கிறது. ஒரு ஹெக்டேர் பரப்பில் இறுகிய பனி இரண்டு மீட்டர் ஆழத்திற்குக் கிடப்பதாகக் கொள்ளுங்கள். கணக்கிட்டால் ஆறாயிரம் டன் வருகிறது. இரண்டரை ஏக்கர் மலைச்சரிவில், ஊருக்கு நேர் மேலே, ஆறாயிரம் டன்!

இந்தப் பனி மரத்தை என்ன செய்கிறது? கடுங்குளிரில் விழும் உலர்பனியைக் கிளைகள் எளிதில் உதறிவிடுகின்றன. நீர் உறையும் நிலையை ஒட்டிய வெப்பத்தில் விழும் ஈரப்பனிதான் இலையிலும் கிளையிலும் ஒட்டிக்கொண்டு மேலும் மேலும் அடைகிறது. ஒரே இரவில் கிளைகள் ஒடிகின்றன, உச்சி முறிகிறது, நெருக்கமாய் வளர்ந்து மெலிந்து நீண்ட மரங்கள் கூட்டமாய்ச் சாய்கின்றன. இடைவெளிவிட்டு வளர்ந்து, தண்டு தடித்து, கிளை தாழ்ந்து நிற்கும் மரங்கள் பிழைக்கின்றன. உயர்ந்த மலைகளின் ஸ்புரூஸ் மரங்கள் கூம்பிய குடைபோல் ஒடுங்கி நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பனியைச் சுமப்பதைவிட வழியவிடுவதற்கு ஏற்ற வடிவம் அது.

இளங்கன்றுகளின் துன்பம் வேறு வகைப்பட்டது. சரிவில் கிடக்கும் பனி அசையாமல் கிடப்பதாகத் தோன்றும். உண்மையில் அது குளிர்காலம் முழுவதும் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி ஊர்கிறது. ஊரும்போது கன்றுகளையும் அழுத்தி வளைக்கிறது. சிலவற்றை வேரோடு பிடுங்குகிறது. வசந்தத்தில் பனி உருகியதும் கன்று நிமிர முயல்கிறது. அடுத்த ஆண்டு மறுபடியும் வளைக்கப்படுகிறது. இப்படிப் பல ஆண்டுகள் வளைந்தும் நிமிர்ந்தும் வளர்ந்த மரத்தின் அடித்தண்டு வாள்போல் வளைந்திருக்கும். அதற்கு மேல்தான் நேராகும். அந்த வளைவு மரத்தின் இளமைக்கால வரலாறு. மேலும், பனி நெடுங்காலம் மூடிக்கிடக்கும் பள்ளங்களில், அந்தப் பனிக்கடியிலேயே வளரும் பூஞ்சைகள் உண்டு. ஊசியிலைகளைக் கருமையான நூல்களால் பின்னி, அவை கன்றுகளைக் கொன்றுவிடுகின்றன. எனவே அந்தக் காட்டில் விதை முளைத்துப் பிழைக்கும் இடங்கள் மேடுகளும், பழைய மரங்களின் அடிவாரமும், விழுந்து மட்கிய மரத்தண்டுகளின் முதுகுமே. இறந்த மரத்தின் மேல்தான் புதிய மரம் பிறக்கிறது. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. வனத்துறையினரின் கையேடுகளில் உள்ள செய்தி.

இனி, மரம் பனியை என்ன செய்கிறது என்று பார்ப்போம். பலரும் எண்ணுவதுபோல் காடு, பாய்ந்துவரும் பனிச்சரிவைத் தடுத்து நிறுத்தும் மதிலன்று. காட்டின் வேலை வேறு. அது மதிலின் வேலையைவிட நுட்பமானது.

பனிச்சரிவு எப்படித் தொடங்குகிறது? ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. தெளிந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பு வானத்துக்கு வெப்பத்தை இழந்து, இறகு போன்ற படிகங்களாக மாறுகிறது. அவற்றின் மேல் புதிய பனி விழுந்து மூடினால், பிடிப்பற்ற மெல்லிய அடுக்கு ஒன்று உள்ளே மறைந்துவிடுகிறது. முப்பது பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில், மேலே கனம் ஏறிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் அந்த அடுக்கு நொறுங்குகிறது. அதற்கு மேலிருந்த பனி முழுவதும் ஒரு பெரும் பலகைபோல் பிளந்து நழுவுகிறது.

காட்டுக்குள் இது எளிதில் நிகழ்வதில்லை. விழும் பனியில் பெரும்பங்கைக் கிளைகள் ஏந்திக்கொள்கின்றன. அதில் ஒரு பகுதி தரையைத் தொடாமலேயே ஆவியாகிறது. மற்றவை கட்டிகட்டியாக விழுந்து கீழுள்ள அடுக்குகளைக் கலைத்துவிடுகின்றன. மரக்கூரை இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குச் செல்லாமல் மறைப்பதால், அந்த இறகுப் படிகங்களும் பெரிதாக வளர்வதில்லை. அடித்தண்டுகள் முளைகளைப்போல் பனியை ஆங்காங்கே தைத்து நிறுத்துகின்றன. எனவே காட்டில் பனி இருக்கும். நழுவக்கூடிய பலகையாக ஒன்றுசேராது. குளிர்காலத்தில் ஊசியிலையை உதிர்த்துவிடும் லார்ச் மரக்காட்டில் இந்தப் பாதுகாப்பு குறைகிறது. ஸ்புரூஸ் போன்ற பசுமை மாறா மரங்களே இதில் சிறந்தவை.

இங்கேதான் நான் சொல்ல வந்த கருத்து இருக்கிறது. காடு பனிச்சரிவைத் தொடங்காமல் தடுக்கிறது. தொடங்கிவிட்டதை நிறுத்த அதனால் பெரும்பாலும் இயலாது. மரவரம்புக்கு மேலே, வெட்டவெளியில் பெயர்ந்து, வேகம் பெற்று வரும் பெரும் சரிவின் முன் முதிர்ந்த காடும் தீக்குச்சிகளாக முறிகிறது. தூள்பனிச் சரிவுகள் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டக்கூடியவை. முறிந்த மரங்களையும் சேர்த்துக்கொண்டு வரும்போது அந்தச் சரிவு இன்னும் கொடியதாகிறது. காத்து நின்றதே ஆயுதமாகிவிடுகிறது.

அடிக்கடி சரிவு இறங்கும் தடங்களில் உயர்ந்த மரங்கள் நிலைப்பதில்லை. அங்கே வளர்பவை பச்சை ஆல்டர், குற்றுமரமாய்ப் படரும் மலைப் பைன் போன்றவை. இவற்றின் தண்டுகள் மெல்லியவை, வளையக்கூடியவை. சரிவு வரும்போது படுத்துவிட்டு, போனபின் எழுகின்றன. நிமிர்ந்த மரம் முறிய, வளைந்த செடி வாழ்கிறது. சூரிய ஒளி நிறையப் படுவதால் அந்தத் தடங்களில் பூச்செடிகளும் புல்வகைகளும் செழிக்கின்றன. காட்டு விலங்குகள் மேய வருகின்றன. பனிச்சரிவு காட்டுக்கு அழிவு மட்டுமன்று. வேறு உயிர்களுக்கு அது திறந்துவிட்ட வாசலும் ஆகும். அஞ்ச வேண்டியது மனிதன் அதன் வழியில் வீடு கட்டும்போதுதான்.

சரிவின் ஓரத்தில் காயத்தோடு பிழைத்த மரங்கள் சாட்சிகளாய் நிற்கின்றன. சாய்க்கப்பட்ட ஊசியிலை மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள, கீழ்ப்பக்கத்தில் தடித்த, செம்மை படர்ந்த கட்டையை வளர்க்கிறது. ஆண்டு வளையங்களில் அது தெளிவாகப் பதிகிறது. பட்டை கிழிந்த வடுவும் அப்படியே. ஏட்டில் எழுதப்படாத பழைய பனிச்சரிவுகளின் ஆண்டுகளை ஆராய்ச்சியாளர்கள் இவ்வாறு மரத்திலிருந்தே படித்தறிகிறார்கள்.

நண்பர்களே, ஏட்டில் எழுதப்பட்ட ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் உரி மாநிலத்தில், கோட்ஹார்ட் கணவாய்க்குச் செல்லும் வழியில், 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஆண்டெர்மாட் என்ற ஊர் இருக்கிறது. நெடுங்கால மேய்ச்சலும் வெட்டும் சேர்ந்து அந்தப் பள்ளத்தாக்கைப் பெரும்பாலும் மொட்டையாக்கிவிட்டன. ஊருக்கு நேர் மேலே ஒரு சரிவில் மட்டும் முக்கோண வடிவில் ஒரு காட்டுத்துண்டு எஞ்சியது. 1397ஆம் ஆண்டு அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் ஒன்றுகூடி ஓர் ஓலை எழுதினார்கள். அந்தக் காட்டிலிருந்து எவரும் மரம் வெட்டக்கூடாது, கிளை, சுள்ளி, கூம்புக்காய் எதையும் எடுத்துச் செல்லக்கூடாது, மீறினால் தண்டம். குளிர்காலம் ஏறத்தாழ அரை ஆண்டு நீளும் ஊரில் விறகு என்பது உயிர். கண்ணெதிரே விறகு நிற்க, குளிரில் நடுங்கிக்கொண்டே அதைத் தொடாதிருக்க அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு அடுக்குகளைப் பற்றியும் படிகங்களைப் பற்றியும் தெரியாது. ஆனால் மரம் நின்ற இடத்தில் பனி நின்றது என்பதைக் கண்டிருந்தார்கள்.

ஜெர்மன் மொழிக் கவிஞர் ஷில்லர் 1804இல் வெளியிட்ட ‘வில்ஹெல்ம் டெல்’ நாடகத்தில் இந்த நம்பிக்கை இடம்பெறுகிறது. கோடரி பட்டால் அந்த மலையின் மரங்கள் இரத்தம் சிந்துமாமே என்று மகன் தந்தையைக் கேட்கிறான். அந்த மரங்கள் இல்லாவிட்டால் ஊர் என்றோ பனியில் புதைந்திருக்கும் என்ற பொருள்படத் தந்தை விடை தருகிறான். ஷில்லர் சுவிட்சர்லாந்துக்குச் சென்றதே இல்லை. நூல்களைப் படித்தும் பிறர் சொல்லக் கேட்டும் எழுதினார். பனியைக் காணாத நம் கவிஞர்கள் பனியைப் பாடக்கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. காணாததைப் பாடலாம், ஆனால் அதன் எடையைக் கேட்டறிந்து பாட வேண்டும்.

ஆண்டெர்மாட்டின் கதை அங்கே இனிதாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 1951 ஜனவரி 20ஆம் நாள், ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பனிச்சரிவுகள் அந்த ஊரைத் தாக்கின. பதின்மூவர் மாண்டனர். அந்தக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளால் இறந்தனர். காத்த காடு நிற்பது ஊரின் ஒரு பக்கத்தில் மட்டுமே. காடிழந்த மற்றச் சரிவுகளுக்கு அந்த ஓலை எப்படிப் பொறுப்பேற்கும்? ஒரு தலைமுறை காத்தது அது காத்த அளவுக்கே பயன்படும், இழந்தவற்றுக்கெல்லாம் ஈடாகாது.

இழந்ததை மீட்பது எவ்வளவு அரிது என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். மரம் அழிந்த சரிவில் மறுபடி மரம் நட வேண்டும். ஆனால் கன்று வேர்பிடிக்கும் வரை பனி நழுவாதிருக்க வேண்டும். பனி நழுவாதிருக்க மரம் வேண்டும்! இந்தச் சுழலை உடைக்க இரும்பாலும் கல்லாலும் மரத்தாலும் தடுப்புகள் அமைத்து, அவற்றின் மறைவில் கன்று வளர்க்கிறார்கள். டாவோஸ் நகருக்கு அருகே ஸ்டில்பெர்க் என்னும் சரிவில் 1975ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்காக 92,000 கன்றுகள் நடப்பட்டன. லார்ச், மலைப் பைன், ஆரோலா பைன் என மூன்று இனங்கள். பல்லாண்டுகள் ஒவ்வொரு கன்றையும் கணக்கெடுத்தார்கள். லார்ச் ஓரளவு நன்றாகப் பிழைத்தது. மற்ற இரண்டினங்களும், சிறப்பாக அந்த உயரத்துக்கே உரிய ஆரோலா பைன், பனிக்கடியில் தாக்கும் பூஞ்சைகளால் பேரளவில் மடிந்தன.

வியப்பு என்னவென்றால், அதே ஆரோலா பைன் மனிதர் நடாத இடங்களில் பிழைத்து நிற்கிறது. அதை நடுவது நட்கிராக்கர் என்னும் காக்கையினப் பறவை. குளிர்காலத்துக்கு உணவு சேர்க்க அது அந்தப் பைனின் விதைகளைக் கொத்துக்கொத்தாகப் புதைத்துவைக்கிறது. எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. பாறை முகடுகளும் மேடுகளும் அது புதைக்கும் இடங்களுள் அடங்கும். அங்கே பனி விரைவில் உருகுவதால் பூஞ்சைக்கு இடமில்லை.

இன்னொரு பாடம் 1990இல் கிடைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் விவியன் என்னும் புயல் ஆல்ப்ஸ் காடுகளைப் பெருமளவில் வீழ்த்தியது. வீழ்ந்த மரங்களை உடனே அகற்றித் தூய்மைப்படுத்துவதே வழக்கம். சில சரிவுகளில் மட்டும் அவற்றை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். குறுக்கும் நெடுக்குமாய்க் கிடந்த தண்டுகளும், பெயர்ந்து நிமிர்ந்த வேர்த்தட்டுகளும் பனியைப் பல ஆண்டுகள் பிடித்து நிறுத்தின. அவற்றினிடையே புதிய கன்றுகளும் எழுந்தன. வீழ்ந்தபின்னும் காவல் காத்த மரங்கள் அவை. ஆனால் அந்தத் தண்டுகள் மட்குவதற்குள் இளங்காடு எழுந்தாக வேண்டும். காலத்தோடு ஒரு போட்டி.

1876ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து இயற்றிய கூட்டாட்சி வனச்சட்டம், மலைப்பகுதிகளின் காட்டுப்பரப்பு குறையலாகாது என்று விதித்தது. இன்று அந்நாட்டுக் காடுகளில் ஏறத்தாழ பாதி, மக்களையும் பாதைகளையும் காக்கும் காவற்காடுகளாகக் கொள்ளப்படுகின்றன. பனிச்சரிவு ஆபத்தைச் சமாளிக்கும் மரபறிவை யுனெஸ்கோ 2018இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் அதற்கு உரிமை பெற்றன. ஆயினும் கவலை தீரவில்லை. புவி வெப்பமேறுவதால் வறட்சியும் பட்டைத்துளைப்பான் வண்டுகளும் அந்த ஸ்புரூஸ் காடுகளை வாட்டுகின்றன. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் கோடரிக்கு எழுதிய தடையை வண்டுக்கு எழுத இயலாது. புதிய இனங்களைக் கலந்து நட்டு, இடைவெளிகளைப் பேணி, முதிய மரங்களுக்கு அடியில் இளையவற்றை வளரவிட்டு, அந்தக் காவலைப் புதுப்பிக்கிறார்கள்.

கவிஞர் பெருமக்களே, காவற்காட்டின் பெருமையைக் கண்ணால் காண முடியாது. அது தடுத்த பனிச்சரிவு நிகழாத பனிச்சரிவு. நிகழாததற்கு நடுகல் இல்லை. நன்றி சொல்ல நாளும் இல்லை. 1397இல் குளிரைத் தாங்கிக்கொண்டவர்களுக்குத் தாங்கள் யாரைக் காப்பாற்றினோம் என்று தெரியாது, காப்பாற்றப்பட்டவர்களுக்கும் தெரியாது. பனி வந்தபின் காட்டைத் தேடுவதில் பயனில்லை. அது வருமுன்னரே, பல தலைமுறைக்கு முன்னரே, யாரோ ஒருவர் கோடரியைக் கீழே வைத்திருக்க வேண்டும். அவர் கோடரியைக் கீழே வைக்கச் செய்தது எழுதப்பட்ட ஒரு சொல் என்பதில், எழுதுகிறவர்களாகிய நமக்கு ஒரு பெருமையும் உண்டு. ஒரு பொறுப்பும் உண்டு.

நம் வட்டத்துக்குப் பத்து வயதாகிறது. மரவரம்பை ஒட்டி முளைத்த ஓர் ஆரோலா பைன் பத்து ஆண்டில் முழங்கால் உயரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. பத்துக் குளிர்காலங்களிலும் பனிக்கடியில் புதைந்து, பத்து வசந்தங்களிலும் நிமிர்ந்திருக்கும். அது இன்னும் எந்த ஊரையும் காக்கவில்லை. ஆனால் மடியாமல் நிற்கிறது. நூற்றாண்டுகளை நோக்கி வளரும் மரத்துக்குப் பத்து ஆண்டு என்பது அவ்வளவே, அதுவே போதும்.

அடுத்த முறை நம் கூட்டத்தில் பனியைப் பாடும் கவிஞர் அதைப் பஞ்சென்றே பாடட்டும். அந்தப் பஞ்சின் அடியில் வளைந்து கிடக்கும் ஓர் இளங்கன்றையும் நினைத்துக்கொண்டு பாடட்டும் என்று வேண்டுகிறேன்.